கூர்மையும் மட்டமும்: கல்வெட்டுகளைப் படமெடுக்கும் முறை

கல்லில் பொறித்த எழுத்துக்கு அழிவில்லை என்பது பொதுவான நம்பிக்கை. ஆயினும் கல்லும் தேய்வுக்கு உட்பட்டதே. மழையும் வெயிலும் மாறி மாறித் தாக்குவதால் பாறையின் மேற்பரப்பு பொரிந்து உதிர்கிறது. உப்புப் பூத்துப் பொருக்குகள் கழல்கின்றன. பல முறை பூசப்பட்ட சுண்ணாம்பு எழுத்தின் பள்ளங்களை அடைத்துவிடுகிறது. கட்டடப் பணிகளின்போது கற்கள் இடம் பெயர்க்கப்படுகின்றன. இவ்வாறு மறைந்துபோன எழுத்துகளுக்கு, முன்னொரு நாளில் எடுக்கப்பட்ட மைப்படியோ புகைப்படமோதான் எஞ்சி நிற்கும் ஒரே சாட்சியாகிறது. அச்சாட்சி தெளிவாக இருத்தல் வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டுவதில்லை.

இந்தியாவில் இப்பணி புகைப்படக் கலையின் இளமைக் காலத்திலேயே தொடங்கிவிட்டது. 1858ஆம் ஆண்டில் லின்னியஸ் டிரைப் என்னும் இராணுவ அதிகாரி, தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடித்தளத்திலுள்ள கல்வெட்டுகளைப் பகுதி பகுதியாகப் படமெடுத்தார். அவ்வாறு எடுத்த 21 படங்களை ஒன்றோடொன்று இணைத்து, ஏறத்தாழ 19 அடி நீளமுள்ள ஒரே படமாக அமைத்தார். ஒரு படத்தின் விளிம்பு அடுத்த படத்தின் விளிம்போடு பொருந்த வேண்டுமாயின், கருவி ஒவ்வோர் இடத்திலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும்; சுவரிலிருந்து ஒரே தூரத்தில் இருக்க வேண்டும்; ஒவ்வொரு முறையும் குவியம் சரியாக அமைய வேண்டும். அக்காலத்துப் புகைப்படக்காரர்கள் கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்து, தேய்த்த கண்ணாடியில் தலைகீழாகத் தோன்றும் பிம்பத்தைப் பார்த்தே இவற்றை முடிவு செய்தனர்.

இன்றைய டிஜிட்டல் காமிராவில் இவ்விரு வேலைகளுக்கும் தனித்தனி அமைப்புகள் உள்ளன. பேச்சு வழக்கில் ‘ஃபோகஸ்’ எனப்படும் குவியத்தைக் கருவி தானே அமைத்துக்கொள்கிறது. கருவி சாய்ந்திருக்கிறதா என்பதைத் திரையில் ஒரு கோடு காட்டுகிறது. எனினும் மங்கிய படங்களும் கோணிய படங்களும் குறைந்தபாடில்லை. இவ்வமைப்புகள் எதை அளக்கின்றன, எதை அளக்க இயலாது என்பதை அறியாமல் பயன்படுத்துவதே இதற்குக் காரணம். கோணிய படத்தைப் பின்னர் ஓரளவு நிமிர்த்தலாம். மங்கிய படத்தில் பதியாத எழுத்தை மீட்டுத் தருவதற்கு எக்கருவியும் இல்லை.

ஒரே தளம்

பிலிம் இருந்த இடத்தில் டிஜிட்டல் காமிராவில் மின்னணு உணர்தகடு அமைந்துள்ளது. லென்ஸானது ஒரு நேரத்தில் ஒரு குறிப்பிட்ட தூரத்திலுள்ள பொருளை மட்டுமே முழுக் கூர்மையுடன் இத்தகட்டில் பதிக்கவல்லது. அத்தூரத்திலுள்ள புள்ளிகள் யாவும் சேர்ந்து ஒரு தளமாகின்றன. காமிராவுக்கு முன்னே, உணர்தகட்டுக்கு இணையாக, கண்ணுக்குப் புலப்படாத கண்ணாடிப் பலகையொன்று நிற்பதாக இதனைக் கற்பனை செய்துகொள்ளலாம். பலகையைத் தொடும் எழுத்துகள் கூர்மையாகப் பதியும்; அதனினின்றும் விலகியவை விலகிய அளவுக்கு மங்கும்.

காமிரா சாய்ந்தால் இப்பலகையும் உடன் சாயும். காமிரா திரும்பினால் பலகையும் திரும்பும். ஆகவே குவியம் வேறு, மட்டம் வேறு என்று எண்ணுவது பொருந்தாது. உணர்தகட்டைக் கல்லின் பரப்புக்கு இணையாக நிறுத்துவதும், அத்தளத்தைக் கல்லின் மீது கொண்டு சேர்ப்பதும் ஒரே வேலையின் இரு பகுதிகளேயாம்.

ஓர் உதாரணத்தால் இதனை விளக்கலாம். 36 மி.மீ. அகலமுள்ள உணர்தகடும் 50 மி.மீ. குவியத் தூரமுள்ள லென்ஸும் கொண்ட காமிரா, கல்வெட்டிலிருந்து 2 மீட்டர் தொலைவில் வைக்கப்படுவதாகக் கொள்வோம். படத்தில் அடங்கும் சுவரின் அகலம் சுமார் 1.4 மீட்டர். லென்ஸின் துவாரம் எஃப் 2 என்னும் அளவுக்கு அகலமாகத் திறந்திருந்தால், குவியத் தளத்துக்கு முன்னே 9 செ.மீ., பின்னே 10 செ.மீ. வரையில்தான் கூர்மை நிலைக்கும். இதற்குக் கூர்மை ஆழம் என்று பெயர். இப்போது காமிரா சுவருக்கு நேராக இல்லாமல் 10 பாகை திரும்பியிருந்தால், சுவரின் ஒரு விளிம்பு சுமார் 12 செ.மீ. முன்னும் மறு விளிம்பு 12 செ.மீ. பின்னும் விலகிவிடும். நடுவிலுள்ள எழுத்துகள் துல்லியமாக இருக்க, இரு ஓரங்களும் மங்கிவிடும். குவியம் பிழையின்றி அமைந்திருந்தும் படம் பிழையாகிறது.

துவாரத்தின் அளவு

துவாரத்தை எஃப் 8 என்னும் அளவுக்குக் குறுக்கினால், அதே லென்ஸுக்கு அதே தூரத்தில் கூர்மை ஆழம் முன்னே 31 செ.மீ., பின்னே 46 செ.மீ. என விரிகிறது. 10 பாகைத் திருப்பத்தை இது எளிதில் தாங்கும். அப்படியாயின் துவாரத்தை இயன்ற மட்டும் குறுக்கிவிட்டால் தொல்லை தீர்ந்தது என்று தோன்றலாம். அதற்கும் ஓர் எல்லை உண்டு.

சிறிய துளையின் வழியே செல்லும் ஒளி சற்றே சிதறி விரியும் இயல்புடையது. இதனால் ஒரு புள்ளியின் பிம்பம் புள்ளியாக அமையாது சிறு வட்டாக விரிகிறது. எஃப் 8இல் இவ்வட்டின் விட்டம் ஏறத்தாழ ஒரு மி.மீட்டரில் 100இல் ஒரு பங்கு. எஃப் 22இல் அது மூன்று மடங்காகிறது. அகலவாக்கில் 6,000 படப்புள்ளிகள் கொண்ட உணர்தகட்டில் இது ஐந்து புள்ளிகளை அடைத்துக்கொள்ளும். ஆகவே மிகவும் குறுக்கிய துவாரத்தில் படம் முழுவதுமே ஒரே சீராக மங்குகிறது. சமதளமான கல்வெட்டுக்கு எஃப் 8 அல்லது எஃப் 11 பொருத்தமான அளவாகும்.

மேலே கூறிய கூர்மை ஆழக் கணக்கும் சாதாரணப் படங்களை மனத்திற்கொண்டு வகுக்கப்பட்டதே. எழுத்தைப் பெரிதாக்கிப் படிப்பவர்க்கு அது தாராளமான கணக்கு. எல்லையின் பாதியளவே உண்மையில் நம்பத்தக்கது என்று கொள்வது நலம்.

தானியங்கு குவியம்

மினோல்ட்டா 7000 என்னும் காமிரா 1985ஆம் ஆண்டில் வெளிவந்த பின்னர், தானே குவியம் அமைத்துக்கொள்ளும் கருவிகள் பரவலாயின. இவ்வமைப்பு இரு முறைகளில் வேலை செய்கிறது.

முதல் முறை மனிதனின் இரு கண்களை ஒத்தது. லென்ஸின் இடப்பகுதி வழியாக வரும் ஒளியும் வலப்பகுதி வழியாக வரும் ஒளியும் தனித்தனியே அளக்கப்படுகின்றன. குவியம் சரியாக இருந்தால் இரு பிம்பங்களும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருந்தும். இல்லையேல் விலகி நிற்கும். விலகிய திசையையும் அளவையும் கொண்டு, லென்ஸை எப்பக்கம் எவ்வளவு நகர்த்த வேண்டும் என்பதைக் கருவி உடனே கணக்கிடுகிறது. இம்முறை விரைவானது. இதற்கான நுண்ணிய பகுதிகளை உணர்தகட்டிலேயே அமைக்கும் வழக்கம் 2010ஆம் ஆண்டுக்குப் பின் பெருகிற்று.

இரண்டாம் முறையில், கருவி லென்ஸை முன்னும் பின்னும் நகர்த்தி, பிம்பத்தின் ஒளிக்கும் நிழலுக்கும் உள்ள வேறுபாடு எங்கே உச்சமடைகிறது என்று தேடுகிறது. இம்முறை சற்றுத் தாமதமானது, எனினும் நுட்பமானது.

இரண்டிலும் கருவிக்குத் தேவைப்படுவது ஒன்றே: ஒளியும் நிழலும் சந்திக்கும் ஒரு விளிம்பு. விளிம்பு இல்லாத இடத்தில் கருவி குருடாகிவிடுகிறது. சுண்ணாம்பு பூசிய சுவரிலும், மங்கிய ஒளியுள்ள மண்டபத்திலும் லென்ஸ் முன்னும் பின்னும் அலைவது இதனாலேதான்.

இதற்குக் கல்வெட்டு ஆய்வாளர்கள் நெடுங்காலமாகக் கையாளும் உபாயமே சிறந்த மருந்து. விளக்கை எழுத்துக்கு நேரே பிடிக்காமல், சுவரை ஒட்டினாற்போல் பக்கவாட்டிலிருந்து பிடிக்க வேண்டும். வெட்டிய பள்ளங்களில் நிழல் விழுந்து எழுத்து எழுந்து நிற்கும். அந்நிழலின் விளிம்பையே கருவியும் பற்றிக்கொள்ளும். காலை, மாலைச் சாய்வெயிலும் இவ்வுதவியைச் செய்யும்.

இடம், வலம் பிம்பங்களை மட்டும் ஒப்பிடும் கருவிகளுக்கு இன்னொரு குறையும் உண்டு. செங்குத்தான கோடுகளை அவை நன்கு பற்றும், கிடைக்கோடுகளில் தடுமாறும். வரிகளுக்கிடையே நீளக்கோடு வெட்டப்பட்ட கல்வெட்டுகளில் இது நேரலாம். காமிராவைச் சற்றுச் சாய்த்துக் குவியம் அமைத்துக்கொண்டு, குவியத்தைப் பூட்டிவிட்டு, மீண்டும் நேராக நிறுத்தினால் தடை நீங்கும்.

கருவி தேர்ந்தெடுக்கும் இடம்

குவியம் அமைக்க வேண்டிய இடத்தைக் கருவியே தேர்ந்தெடுக்குமாறு விடுவது, பயிலாதவர் செய்யும் தவறுகளில் முதன்மையானது. கருவி பெரும்பாலும் அருகிலுள்ள பொருளையோ முகம் போன்ற வடிவத்தையோ நாடும். டெல்லி குதுப் மினார் வளாகத்திலுள்ள இரும்புத் தூணைச் சுற்றி 1997ஆம் ஆண்டில் வேலி அமைக்கப்பட்டது. வேலிக்கு வெளியே நின்று தூணிலுள்ள எழுத்தைப் படமெடுப்பவர், இடத்தேர்வைக் கருவியிடம் விட்டுவிட்டால், வேலியின் கம்பிகள் துலங்கித் தூண் மங்கக்கூடும். எழுத்துக்கு மேலே சிற்பம் இருந்தால், முகமறியும் வசதியுள்ள கருவி சிற்பத்தின் முகத்தைப் பற்றிக்கொள்ளும். இவ்வசதிகளை நிறுத்திவிட்டு, குவியப் புள்ளி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு, அதனைத் தேவையான எழுத்தின் மீது நிறுத்துவதே முறையாகும்.

நடுப்புள்ளியால் குவியம் அமைத்துவிட்டுக் காமிராவைத் திருப்பிப் படத்தை அமைத்துக்கொள்வதும் பலருடைய பழக்கம். தொலைவிலுள்ள காட்சிகளுக்கு இதனால் கேடில்லை. அருகிலுள்ள கல்வெட்டுக்கு இது ஆகாது. 2 மீட்டர் தூரத்தில் குவியம் அமைத்த பின்னர்க் காமிராவை 20 பாகை திருப்பினால், கூர்மைத் தளமும் திரும்பி, எழுத்துக்குப் பின்னே 12 செ.மீ. தள்ளி விழும். காமிராவைத் திருப்புவதற்குப் பதிலாகத் திரையில் குவியப் புள்ளியை நகர்த்த வேண்டும்.

அசையாத பொருளுக்குக் கையால் குவியம் அமைப்பது இன்னும் பாதுகாப்பானது. இதற்கெனத் திரையிலுள்ள பிம்பத்தை ஐந்து அல்லது பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் வசதி உண்டு. கூர்மையான விளிம்புகளுக்கு வண்ணம் தீட்டிக் காட்டும் வசதியும் சில கருவிகளில் உள்ளது. வண்ணம் வழிகாட்டியே தவிரத் தீர்ப்பு அன்று. சற்று விலகிய விளிம்புக்கும் அது வண்ணம் இடும். இறுதி முடிவைப் பெரிதாக்கிய பிம்பத்தைக் கண்டே செய்தல் வேண்டும்.

மட்டங்காட்டி

கொத்தனாரின் ரசமட்டத்தில் குழாய்க்குள் ஒரு காற்றுக்குமிழி நகர்கிறது. காமிராவின் மட்டங்காட்டியில் குமிழி இல்லை. அதனுள் இருப்பது சிலிகனால் ஆன மிக நுண்ணிய எடையொன்று. அது மெல்லிய சிலிகன் வில்களால் தாங்கப்பட்டுள்ளது. காமிரா சாயும்போது புவியீர்ப்பு அவ்வெடையை ஒரு பக்கமாக இழுக்கிறது. அதனால் அருகிலுள்ள தகடுகளுக்கும் அதற்கும் இடையேயுள்ள மின்தேக்குத் திறன் மாறுகிறது. அம்மாற்றத்தைக் கொண்டு கருவி சாய்வைக் கணக்கிட்டுத் திரையில் கோடாகக் காட்டுகிறது.

பக்கச் சாய்வு சிறிதாயினும் அதன் விளைவு சிறிதன்று. 6,000 படப்புள்ளி அகலமுள்ள படத்தில் ஒரு பாகைச் சாய்வானது, ஒரு முனைக்கும் மறு முனைக்கும் இடையே சுமார் 105 புள்ளி உயர வேறுபாட்டை உண்டாக்கும். பின்னர்க் கணிப்பொறியில் நிமிர்த்தினால், மூன்றுக்கு இரண்டு என்னும் வடிவமுள்ள படத்தில் ஏறத்தாழ 5 சதவீதப் பரப்பு ஓரங்களில் வெட்டுண்டு போகும். வரியின் முதலெழுத்தும் கடையெழுத்தும் ஓரங்களில்தான் உள்ளன என்பதை மறத்தலாகாது.

முன்பின் சாய்வு வேறு வகையான கேட்டை விளைக்கும். அண்ணாந்து நோக்கிய காமிராவில் செங்குத்துக் கோடுகள் மேலே குவியும். குனிந்து நோக்கினால் கீழே குவியும். கோயில்களின் அதிஷ்டானத்தில் தாழ்வாக வெட்டப்பட்ட கல்வெட்டை நின்றபடியே குனிந்து எடுத்தால், மேல்வரி பெரிதாகவும் கீழ்வரி சிறிதாகவும் பதியும். கூர்மையும் ஒரு வரியில்தான் நிற்கும். காமிராவைச் சாய்க்காமல், முக்காலியைத் தாழ்த்திக் கல்வெட்டின் நடுவரிக்கு நேரே கொண்டுவருவதே இதற்குரிய வழி.

மட்டங்காட்டியின் குறைகள் மூன்று. அவற்றை அறிந்திருத்தல் அவசியம்.

முதலாவது, அது புவியீர்ப்பையும் வேறு இயக்கத்தையும் பிரித்தறியாது. படகிலோ ஊர்தியிலோ இருந்து எடுக்கும்போது, பக்கவாட்டில் வினாடிக்கு வினாடி ஒரு மீட்டர் வேகமாற்றம் நேர்ந்தாலே ஏறத்தாழ 6 பாகை பிழை காட்டக்கூடும். நிலையான இடத்தில்தான் அதனை நம்பலாம்.

இரண்டாவது, அது பூமிக்கு மட்டம் காட்டுமேயன்றிக் கல்லுக்கு அன்று. பழஞ்சுவர் சாய்ந்திருந்தால், மட்டங்காட்டியின்படி நேராக நிறுத்திய காமிரா சுவருக்கு இணையாக இராது. அங்கே காமிராவும் சுவரின் அளவுக்குச் சாய வேண்டும். அவ்வாறு செய்யும்போது, தூக்குக்குண்டு ஒன்றை நூலில் கட்டிப் படத்தின் ஓரத்தில் தொங்கவிட்டால், சுவர் எவ்வளவு சாய்ந்துள்ளது என்பதற்கும் அப்படமே ஆதாரமாகிவிடும். மட்டங்காட்டி சரியாக உள்ளதா என்பதையும் அந்நூலைக் கொண்டே சோதித்துக்கொள்ளலாம்.

மூன்றாவது, காமிரா இடப்பக்கமோ வலப்பக்கமோ திரும்பியிருப்பதை அது உணராது. அவ்வாறு திரும்புவதால் புவியீர்ப்பின் திசையில் மாற்றம் ஏற்படுவதில்லை அன்றோ! மட்டங்காட்டியின் இரு கோடுகளும் சரியெனக் காட்டும்போதே, முன்னர்க் கூறிய 10 பாகைத் திருப்பம் மறைந்திருக்கக்கூடும்.

கண்ணாடிச் சோதனை

இக்குறையைப் போக்க, ஓவியங்களையும் ஆவணங்களையும் படமெடுப்போர் கையாளும் எளிய முறை ஒன்றுண்டு. உள்ளங்கையளவு தட்டையான முகம்பார்க்கும் கண்ணாடியைக் கல்வெட்டின் நடுவே, கல்லோடு படியுமாறு பிடிக்க வேண்டும். பின்னர்த் திரையை நோக்கினால் கண்ணாடியில் காமிராவின் லென்ஸே பிரதிபலித்துத் தெரியும். லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் அமையும் வரையில் காமிராவை நகர்த்தியும் திருப்பியும் சரி செய்ய வேண்டும். நடுவில் அமைந்துவிட்டால், லென்ஸின் அச்சு கல்லுக்குச் செங்குத்தாக உள்ளது என்று உறுதி கொள்ளலாம். சில ரூபாய்களே பெறுமானமுள்ள இக்கண்ணாடி, மட்டங்காட்டியால் காட்ட இயலாததைக் காட்டிவிடுகிறது. குவியம் அமைக்கும் முன்னர்க் கண்ணாடியை நீக்கிவிட வேண்டும். இல்லையேல் கருவி கல்லைவிட்டுப் பிரதிபலிப்பைப் பற்றிக்கொள்ளும்.

வளைந்த பரப்புகள்

எல்லாக் கல்வெட்டுகளும் சமதளத்தில் அமைந்தவை அல்ல. குஜராத்தில் ஜுனாகட்டுக்கு அருகே கிர்நார் மலையடியிலுள்ள பெரும்பாறை இதற்குச் சிறந்த சான்று. அசோகரின் கட்டளைகளும், கி.பி. 150ஆம் ஆண்டையொட்டிய ருத்ரதாமனின் சாசனமும், ஐந்தாம் நூற்றாண்டைச் சேர்ந்த ஸ்கந்தகுப்தன் காலத்துச் சாசனமும் அவ்வொரே பாறையில் இடம் பெற்றுள்ளன. பாறையின் பரப்போ வளைந்து செல்கிறது. இங்கே எத்தளமும் முழு எழுத்தையும் தொடாது.

இத்தகைய இடங்களில் இரு வழிகள் உண்டு. பரப்பைச் சிறுசிறு பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காமிராவை நேராக நிறுத்தி எடுத்தல் ஒன்று. ஒரு படத்துக்கும் அடுத்ததற்கும் மூன்றிலொரு பங்கு பொதுவாக இருக்குமாறு எடுத்தால் பின்னர் இணைப்பது எளிது. தூண்களுக்கும், அதிஷ்டானத்தில் உருண்டு காணப்படும் குமுதம் என்னும் உறுப்புக்கும் இம்முறை ஏற்றது. மற்றொன்று, காமிராவை அசைக்காமல் முக்காலியில் நிறுத்தி, அருகிலிருந்து தொலைவு வரையில் குவியத்தைப் படிப்படியாக நகர்த்திப் பல படங்கள் எடுத்தல். சில காமிராக்கள் இத்தொடரைத் தாமே எடுத்து முடிக்கும். ஒவ்வொரு படத்திலும் கூர்மையான பகுதியை மட்டும் தேர்ந்து ஒன்றாக்கும் வேலையைக் கணிப்பொறி செய்கிறது.

பணி முறை

மத்திய அரசின் பாதுகாப்பிலுள்ள நினைவுச்சின்னங்களில் முக்காலியைப் பயன்படுத்த முன் அனுமதி பெறல் வேண்டும். அனுமதி பெற்ற பின்னர்ப் பணியைக் கீழ்க்கண்ட வரிசையில் செய்தல் நன்று. முதலில் காமிராவின் உயரத்தைக் கல்வெட்டின் நடுவரிக்கு நேராக அமைக்க வேண்டும். அடுத்து மட்டங்காட்டியால் பக்கச் சாய்வையும், கண்ணாடியால் திருப்பத்தையும் முன்பின் சாய்வையும் திருத்த வேண்டும். பின்னர்த் துவாரத்தை எஃப் 8இல் நிறுத்தி, பக்க விளக்கு ஏற்றி, பெரிதாக்கிய பிம்பத்தில் குவியம் அமைக்க வேண்டும். கை பட்டு அதிராதிருக்க, இரண்டு வினாடி தாமதித்து இயங்கும் வசதியைப் பயன்படுத்த வேண்டும். அளவுகோல் ஒன்று படத்தில் அமைதல் நலம். எடுத்த படத்தை அவ்விடத்திலேயே பெரிதாக்கி, நடுவை மட்டுமின்றி நான்கு மூலைகளையும் படித்துப் பார்க்க வேண்டும். மூலையிலுள்ள எழுத்தைப் படிக்க முடியவில்லையெனில், அங்கிருந்து புறப்படுவதற்கு முன்பே மீண்டும் எடுத்துவிட வேண்டும்.

இத்தனை கவனம் எதற்கு என்று வினவலாம். பிராமி எழுத்தில் மெய்யோடு சேரும் சிறு கோடு ஒன்றா இரண்டா என்பதைக் கொண்டே இகரமும் ஈகாரமும் வேறுபடுகின்றன. எழுத்தின் வலப்புறத்துப் புள்ளி ஒரு மெல்லொலியைக் குறிக்கும். அது உளிபட்ட பள்ளமாகவோ கல்லின் இயல்பான குழியாகவோ இருந்தால் பொருளே இல்லை. இரண்டு மி.மீ. அகலமுள்ள அத்தகைய புள்ளி, மேற்கூறிய 1.4 மீட்டர் அகலப் படத்தில் எட்டு அல்லது ஒன்பது படப்புள்ளிகளே பெறும். குவியம் சற்றே பிசகினாலும் புள்ளியும் பள்ளமும் ஒன்றாய்க் கலந்துவிடும். ஓர் அரசனின் பெயரும், ஓர் ஊரின் பெயரும், கொடையின் அளவும் அதனால் மாறிப் படிக்கப்படலாம். கல் இருக்கும் வரையில் மீண்டும் சென்று பார்த்துத் திருத்திக்கொள்ள வழியுண்டு. கல் மறைந்த பிறகு, படமே கல்வெட்டாகிவிடுகிறது.